700 மின்னஞ்சல்களோடு ஒரு வரவேற்பு

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் அலுவலக நிர்வாகம் பார்க்கிறேன். தையல் பிரிவு தனி. அலுவலகத்தில் மட்டும் முப்பது பேர் இருக்கிறோம். ஆடை வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு பேசி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகப் பல ஆண்டுகள் இருந்தவர் தீபாவளியோடு விலகிவிட்டார். அவர் இடத்துக்கு வந்த பையன் இரண்டே மாதத்தில் போய்விட்டான். அடுத்து ஒரு பெண் வந்தார். சாம்பிள் தாமதமானதற்காக முதலாளி எல்லாருக்கும் நகல் வைத்து அவரைக் கண்டித்து எழுதினார். மறுவாரம் அவரும் வரவில்லை. இப்போது திண்டுக்கல்லிலிருந்து மூன்றாவதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறார். பழையவரின் அஞ்சல்கள் 700-ஐ முதல் நாளே அவருக்கு அனுப்பிவைத்தோம். இன்னும் படித்து முடித்தபாடில்லை. இதற்கிடையே சைஸ் லேபிளை மாற்றச் சொல்லி பையர் பழையவரின் முகவரிக்கு எழுதியதை யாரும் பார்க்கவில்லை. பழைய லேபிளோடு தைத்து முடித்துவிட்டோம். புதியவர்களுக்கு ஒரு கையேடு எழுதுங்கள், வரவேற்பு நிகழ்ச்சியும் அன்பளிப்புப் பையும் வைக்கலாம் என்கிறார் முதலாளி. எங்கிருந்து தொடங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அன்பளிப்புப் பையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள், கையேட்டையும்தான். வரவேற்பு ஒரு கேள்வி, மின்னஞ்சல் இன்னொரு கேள்வி என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகின்றன. உங்கள் நிறுவனத்தின் ஆர்டர்கள் எந்த நிலையில் இருக்கின்றன, பையர் எதை ஒப்புக்கொண்டார், எதை மறுத்தார் என்ற விவரமெல்லாம் விலகிப் போன ஒரு மனிதரின் அஞ்சல் பெட்டிக்குள் கிடக்கிறது. அந்த நாற்காலியில் யாரைக் கொண்டுவந்து உட்கார வைத்தாலும் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும். கெட்டிக்காரராக இருந்தால் சீக்கிரம் போய்விடுவார், அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை அந்தப் பெட்டி. அவர் விலகிய பிறகு அந்தக் கணக்கை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. லேபிள் விவகாரத்தைப் பார்த்தால் அது அப்படியே திறந்து கிடக்கிறது, அஞ்சல்களும் வந்து விழுந்துகொண்டிருக்கின்றன என்று தெரிகிறது. ஒரு வகையில் நல்லதுதான். அவசரப்பட்டு அழித்திருந்தால் இன்னும் சிக்கல். கூகுள் வொர்க்ஸ்பேஸில் நீக்கிய கணக்கை 20 நாட்களுக்குள்தான் மீட்க முடியும். மைக்ரோசாஃப்ட் 365-இல் 30 நாட்கள். அதற்குப் பிறகு யாரிடம் கெஞ்சினாலும் கிடைக்காது.

அஞ்சல்களைவிட எளிதாகத் தொலைந்துபோகும் இன்னொன்றும் உண்டு. ஜிமெயிலில் 25 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்பு இணைப்பாகப் போகாது, டிரைவ் சுட்டியாகத்தான் போகும். பிரிண்ட் ஆர்ட்வொர்க், டெக் பேக் (ஆடையின் அளவு, துணி விவரங்கள் அடங்கிய கோப்பு) எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான் போயிருக்கும். அந்தக் கோப்புகளின் உரிமையாளர் விலகிப்போனவர். அவற்றை வேறொருவர் பெயருக்கு மாற்றாமல் கணக்கை நீக்கினால், பிரிண்டிங் யூனிட்டுக்கு நீங்கள் அனுப்பிய சுட்டி ஒருநாள் காலையில் திறக்காது. சுட்டி இருக்கும், கோப்பு இருக்காது. எனவே முதலில் உரிமை மாற்றம், பிறகு மற்றதெல்லாம்.

அடுத்தது கடவுச்சொல். அதை மாற்றிவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கும் மீட்புக்கும் கொடுத்திருக்கும் கைப்பேசி எண் யாருடையது என்று பாருங்கள். அவருடைய சொந்த எண்ணாகத்தான் இருக்கும். அதை மாற்றாதவரை சாவி அவரிடமும் இருக்கிறது. அவர் தவறாகப் பயன்படுத்துவார் என்று சொல்லவில்லை. அவசரத்துக்கு உள்ளே நுழைய முடியாமல் நீங்கள் அவரைக் கூப்பிட்டுக் குறியெண் கேட்கும் நிலை வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். திருப்பூரில் அவர் இன்னேரம் உங்கள் போட்டி நிறுவனத்தில்கூட இருக்கலாம்.

இதெல்லாம் முடிந்ததும் அந்த முகவரிக்கு ஒரு தானியங்கிப் பதில் வையுங்கள்: இவர் இப்போது எங்கள் நிறுவனத்தில் இல்லை, இனி இந்த முகவரிக்கு எழுதுங்கள். அந்த "இந்த முகவரி" புதிய பெண்ணின் பெயரில் இருக்க வேண்டாம் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வருவது. ஆட்கள் வருவார்கள், போவார்கள். ஆர்டருக்கு ஒரு முகவரி, ஷிப்பிங்குக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று பொறுப்பின் பெயரில் பெட்டி இருக்கட்டும். மைக்ரோசாஃப்ட் 365-இல் பகிர்வுப் பெட்டி 50 ஜி.பி. வரை தனி உரிமக் கட்டணம் இல்லாமலே கிடைக்கும். விலகியவரின் பெட்டியையே அப்படி மாற்றிக்கொள்ளலாம். கூகுளில் குரூப்ஸ் வழியாகக் கூட்டு அஞ்சல் பெட்டி வைத்தால், வருகிற ஒவ்வொரு அஞ்சலையும் இன்னார் பார்க்க வேண்டும் என்று ஒதுக்கலாம், முடிந்தது என்று குறிக்கலாம். பையர்கள் பழக்கத்தில் ஆள் பெயருக்கேதான் எழுதுவார்கள். பொது முகவரியை நகலில் வைக்கும்படி ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு விடாமல், பையர் நிறுவனங்களிலிருந்து தனிப்பெட்டிக்கு வருகிறவை தானாகப் பொதுப்பெட்டிக்கும் போகும்படி ஒரு ஃபில்டர் போட்டுவிடுங்கள்.

பொதுப்பெட்டி வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. பலர் சேர்ந்து அடித்த பாம்பு சாகாது என்பார்கள். எல்லாரும் பார்க்கும் பெட்டியில், வேறு யாரோ பதில் எழுதியிருப்பார் என்று எல்லாருமே நினைத்துக்கொள்வார்கள். தினமும் காலையில் அதைத் திறந்து பங்கிட்டுக் கொடுக்க ஒருவர் வேண்டும். வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்தாலும் சரி, நீங்களே செய்தாலும் சரி. அதற்கு ஆகும் அரைமணி நேரத்தில் அவரை வேறெதற்கும் கூப்பிடக் கூடாது.

காலையில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்குப் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. நியூயார்க்கில் 9 மணி அடிக்கும்போது இங்கே மாலை 6.30 அல்லது 7.30. அமெரிக்க அஞ்சல்கள் இரவில் வந்து குவிந்திருக்கும், ஐரோப்பாக்காரர் இன்னும் அலுவலகத்துக்கே வந்திருக்க மாட்டார். நமக்குக் காலைப்பொழுது முழுவதும் அமைதியான நேரம். அப்போது படித்து, டையிங், பிரிண்டிங் யூனிட்டுகளைக் கேட்டு, பதிலைத் தயாராக வைத்துக்கொண்டால், மதியம் அவர்கள் நாற்காலியில் உட்காரும்போது நம் பதில் எதிரே நிற்கும். இந்தக் கணக்கைப் புதியவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அவர் காலை முழுவதும் யாரும் எழுதவில்லையே என்று உட்கார்ந்திருந்துவிட்டு, மாலை ஆறரைக்கு அஞ்சல்கள் கொட்டும்போது விடுதிக் கதவு சாத்திவிடுவார்களே என்று பதறுவார். வெளியூர்ப் பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். மகளிர் விடுதியில் தங்கியிருந்தால் கதவு எத்தனை மணிக்கு மூடப்படும் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பு என்றால் எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வரும்.

இப்போது அந்த 700 அஞ்சல்கள். அவற்றைப் படிப்பதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். யார் எழுதியது, ஏன் எழுதியது என்று தெரியாமல் ஒருவர் 700 கடிதங்களைப் படித்தால் தலைவலிதான் மிஞ்சும். அதற்குப் பதிலாக முடிந்துபோன ஒரே ஓர் ஆர்டரைத் தேர்ந்தெடுங்கள். சிக்கலில்லாமல் போனது வேண்டாம்; நடுவில் ஏதாவது இடறி, பிறகு சரிசெய்யப்பட்டதாக இருக்கட்டும். விலை விசாரித்து வந்த முதல் அஞ்சலிலிருந்து பணம் வங்கிக்கு வந்த தகவல் வரை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து படிக்கட்டும். லேப் டிப்பில், அதாவது நிறத்துக்கு ஒப்புதல் கேட்டு அனுப்பும் மாதிரியில், மூன்று நிறத் துணுக்குகள் அனுப்பினோம், பையர் இரண்டாவதை ஒப்புக்கொண்டார், ஆனால் கொஞ்சம் சிவப்பு தூக்கலாக இருக்கிறது என்று எழுதினார், அதை டையிங்காரரிடம் இப்படிச் சொன்னோம். பி.பி. சாம்பிளில் (உற்பத்திக்கு முன் ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரி) கழுத்துப்பட்டி அகலம் கால் சென்டிமீட்டர் கூடிவிட்டது, இதோ அந்த அஞ்சல். ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) 180 கேட்டார்கள், துணியைச் சுருக்கிப் பதப்படுத்தும் காம்பாக்டிங் முடிந்து 172 வந்தது, அதைப் பேசி எப்படிச் சமாளித்தோம் என்பது இந்தக் கடிதத்தில் இருக்கிறது. இப்படி ஒரு ஆர்டரைப் பார்த்தால் போதும். பையரின் குணம், நம் யூனிட்டுகளின் குணம், கடிதம் எழுதும் முறை என்று எல்லாம் அதிலேயே வந்துவிடும். அந்த வாரமே டையிங், கட்டிங், செக்கிங் என்று அவரை நேரில் அழைத்துப் போய், கடிதத்தில் பார்த்த பெயர்களுக்கு முகங்களைக் காட்டுங்கள்.

நடந்துகொண்டிருக்கும் ஆர்டர்களுக்கு வேறு வழி. ஆர்டருக்கு ஒரு வரி வீதம் ஒரு தாள் போடுங்கள்: எந்தக் கட்டத்தில் இருக்கிறது, யார் யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள், அடுத்த தேதி எது. பழையவர் போன நாளிலேயே அவரிடம் வாங்கியிருக்க வேண்டிய தாள் இது. இனிமேல் யார் விலகினாலும் கடைசி வாரத்தில் அவருக்கு வேறு வேலை கொடுக்காமல் இதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

அஞ்சல்களை அடுக்கி வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கோப்புறைக்குள் கோப்புறையாக ஐந்து அடுக்கு கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டியவரைத் தவிர வேறு யாராலும் அதில் எதையும் எடுக்க முடியாது. ஜிமெயில் என்றால் அஞ்சல்மேல் ஒட்டும் லேபிள்களாகப் பையருக்கு ஒன்று, சீசனுக்கு ஒன்று போதும். ஒரே அஞ்சலுக்கு இரண்டையும் ஒட்டலாம். அவுட்லுக் கோப்புறையில் ஓர் அஞ்சல் ஓரிடத்தில்தான் இருக்கும் என்பதால் பையர் வாரியாக மட்டும் பிரியுங்கள். மீதியைத் தேடல் பார்த்துக்கொள்ளும். ஆனால் தேடினால் கிடைக்க வேண்டுமென்றால் தலைப்பு ஒழுங்காக இருக்க வேண்டும். உங்கள் பெட்டியில் இப்போது எத்தனை அஞ்சல்கள் "ரீ: ரீ: ஃபார்வர்டு: அர்ஜென்ட்" என்ற தலைப்போடு கிடக்கின்றன? "ஸ்டைல் 4417, நேவி, சைஸ் லேபிள் மாற்றம்" என்று எழுதப் பழக்குங்கள். ஒரு அஞ்சலில் ஒரு ஸ்டைல் மட்டும். நேவி டி-ஷர்ட் பற்றிய தொடரில் குழந்தைகள் பைஜாமா பற்றி எழுதினால், பைஜாமா ஆர்டரைத் தேடுகிறவர் அதைக் கண்டுபிடிக்கவே மாட்டார். உங்கள் சைஸ் லேபிள் மாற்றமும் அப்படி வேறொரு தொடரின் வாலில்தான் வந்ததா என்று பாருங்கள். எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் பேசி முடிவெடுப்பதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் "இன்று பேசியபடி இந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறோம்" என்று இரண்டு வரி அஞ்சல் அன்றைக்கே போய்விட வேண்டும். பேசியவரோடு கைப்பேசியும் வீட்டுக்குப் போய்விடும்.

இனி நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவதாக வந்த பெண்ணை முதலாளி எல்லாருக்கும் நகல் வைத்துக் கண்டித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இதைவிட முக்கியமான வரி இல்லை. அந்தப் பெண் சம்பளத்துக்காகவோ வேலைப்பளுவுக்காகவோ போனதாக நான் நினைக்கவில்லை. முப்பது பேர் முன்னால் நிற்க வைத்துத் திட்டினால் அது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எழுத்தில் திட்டினால் முப்பது பேர் பெட்டியிலும் அது ஆண்டுக்கணக்கில் இருக்கும், தேடினால் வரும். மூன்றாவதாக வந்திருக்கும் பெண் அந்த 700-இல் இதையும் படித்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? நகல் பட்டியலில் பையர் இருந்தாரா என்றும் பாருங்கள். இருந்திருந்தால் அது வியாபாரத்துக்கே கேடு. உங்கள் அலுவலகத்தில் ஒழுங்கில்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலாகும்.

இதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் சங்கடம். "திட்டாதீர்கள்" என்று சொல்லிப் பயனில்லை. புதிய அஞ்சல் முறை ஒன்றை எழுதிக் கொண்டுபோய் ஒப்புதல் கேளுங்கள்; அதில் மூன்றாவதோ நான்காவதோ வரியாக இது இருக்கட்டும்: தவறு பற்றிய பேச்சு நேரிலோ தொலைபேசியிலோ மட்டும்; திருத்த வேண்டிய விவரம் மட்டும் அஞ்சலில். நகல் யாருக்கு என்பதும் அதிலேயே வரட்டும். செய்ய வேண்டியவர் பெறுநர், தெரிந்திருக்க வேண்டியவர் நகல், மற்றவருக்கு வேண்டாம். அவரே கையெழுத்திட்ட முறையை அவர் அவ்வளவு எளிதில் மீற மாட்டார். மீறினால் எடுத்துக்காட்ட ஒரு தாள் இருக்கும்.

புதியவர் விஷயத்தில் நான் மிகவும் அஞ்சுவது ஒன்று உண்டு. வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள் என்று துணைப்பொருள் சப்ளையர் பெயரில் வருகிற அஞ்சல். அல்லது "கூட்டத்தில் இருக்கிறேன், பேச முடியாது, இந்தத் தொகையை உடனே அனுப்பு" என்று முதலாளி பெயரிலேயே வருவது. அனுப்புநர் முகவரியில் ஆங்கில எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நிற்கும். அவசரத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது. ஏமாற்றுக்காரர்களுக்குப் புதியவர்கள்தான் வசதி. அவர்களுக்கு யார் எப்படி எழுதுவார் என்று தெரியாது, முதலாளியிடம் திருப்பிக் கேட்கவும் பயம். முதல் வாரத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: கணக்கு எண் மாற்றம் எதுவானாலும், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் தொலைபேசியில் கூப்பிட்டு உறுதிசெய்யாமல் பணம் போகக் கூடாது, அஞ்சலில் வந்த எண்ணில் கூப்பிடக் கூடாது. முதலாளி பெயரில் வந்தாலும் இதே விதி, கேட்டதற்காக யாரும் கோபிக்க மாட்டார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை முதலாளியே சொன்னால்தான் எடுபடும். ஏமாந்துவிட்டது தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் சொல்ல வேண்டும்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியமனக் கடிதத்தை முதல் நாளே கையில் கொடுங்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி அது கட்டாயம். அலுவலகப் பெட்டி நிறுவனத்துக்குச் சொந்தம், தேவைப்பட்டால் நிறுவனம் திறந்து பார்க்கும் என்ற வரியையும் அதில் சேர்த்துவிட்டால் பின்னால் மனஸ்தாபம் இராது. முன்பு வேறு இடத்தில் வேலை பார்த்தவர் என்றால் பழைய வருங்கால வைப்பு நிதி யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் புதிதாக ஒன்று தொடங்கிவிட்டால் பிறகு அலைவது அவர்தான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. பதிவை, அவர் வேலைக்குச் சேர்ந்த பத்து நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

முதலாளி கேட்ட கையேட்டுக்கு வருவோம். நாற்பது பக்கத்தில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள், ஆறு மாதத்தில் பழசாகிவிடும். ஒரு பக்கம் எழுதுங்கள்: எந்தப் பொதுப்பெட்டி எதற்கு, தலைப்பு எழுதும் முறை, யாரிடம் எதைக் கேட்பது, பணம் பற்றிய விதி. அந்தப் பக்கத்தைத் திருத்தும் பொறுப்பைக் கடைசியாகச் சேர்ந்தவரிடம் கொடுங்கள். எது புரியவில்லை, எது விட்டுப்போயிருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். நமக்கெல்லாம் பழகிப்போய்விட்டது.

பையருக்குப் போகும் கடிதங்களை முதல் இரண்டு வாரம் வரைவாக வைத்து மூத்தவர் பார்த்த பிறகு அனுப்பட்டும். அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் அனுமதி கேட்டுப் பழகியவர் பிறகு தானாக ஒரு வரிகூட எழுத மாட்டார்.

பழைய அஞ்சல்களை அழிக்கலாமா என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள். விளம்பரங்களையும் "நன்றி, கிடைத்தது" வகையறாவையும் தாராளமாக அழியுங்கள். ஜிமெயிலின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும் என்பதால் தவறிப்போனாலும் எடுத்துக்கொள்ளலாம். இன்வாய்ஸ், ஷிப்பிங் ஆவணங்கள், விலை ஒப்புதல் ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதங்கள் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்த நிறுவனம் என்றால் கணக்குப் புத்தகங்களும் அவற்றுக்கான வவுச்சர்களும் எட்டு ஆண்டுகள். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய லேபிளோடு தைத்த சரக்கு இன்னும் கப்பல் ஏறவில்லை என்றால் இன்றே பையருக்கு எழுதுங்கள். அஞ்சல் தவறவிட்டது நம் பக்கத்துப் பிழை, லேபிளைப் பிரித்து மாற்ற இத்தனை நாள் ஆகும், தேதியை இவ்வளவு தள்ளித் தர முடியுமா என்று நேராகக் கேளுங்கள். எத்தனை நாள் என்பதை முதலில் செக்கிங் மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். கடிதத்தை அந்தத் திண்டுக்கல் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் எழுதுங்கள். உங்கள் பெயரில், பொதுப்பெட்டியிலிருந்து, புதிய தலைப்பில்.